கிள்ளான் தோட்டத்தில் கொசு டாக்டரும் சாம்பிராணியும்

சென்ற மாதம் சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய் வந்தேன். என் பேரன் குமரேசன் அங்கே ஓர் ஆராய்ச்சிச்சாலையில் இருக்கிறான். சீமையில் பூச்சிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். பட்டத்துக்குப் பிறகும் ஒரு துரையின் கீழ் இரண்டு வருஷம் ஆராய்ச்சி பழக வேண்டுமாம். அது முடியப் போகிறதே, பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ரயிலில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு வெள்ளி முப்பது காசு. கரி பறக்கும், வெள்ளைப் புடவை கட்டாதீர்கள். காஜாங் தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுங்கள், அப்புறம் கூட்டம் ஏறிவிடும். ஸ்டேஷனிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரிக்‌ஷா இருபது காசு. அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் என் தங்கை இருக்கிறாள்.

பேரன் வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்னடா, தொண்டையிலே இறங்கலையா?"

"துரை சொல்லிட்டாரு அப்பாயி. 'நான் சொன்ன வேலையெல்லாம் நல்லா செய்யறே, அது அசிஸ்டென்ட் வேலை. நீயா ஒரு கேள்வியோட வந்தாதான் இங்கே இருக்கலாம்'னு. இந்த மாசக் கடைசிதான் கெடு."

மறுநாள் அவனோடு நானும் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு லோரி. மலேரியா பரப்பும் கொசு, தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீட்டுச் சுவரில் பொழுது சாயும் நேரத்தில் உட்காருமாம். அதைக் கண்ணாடிக் குழாயில் பிடிப்பது இவன் வேலை.

லோரி ஓட்டுபவர் இவனை விடவில்லை. "டாக்டரு, முதுகு பிடிச்சிக்கிச்சு. ஒரு மருந்து சொல்லுங்க."

"நான் கொசு டாக்டர், அண்ணே."

"கொசுவுக்கே டாக்டரா! மனுசனுக்கு டாக்டரா எப்போதான் வரப் போறீங்க லா?"

நானும் சிரித்துவிட்டேன்.

லயத்தில் இறங்கியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் வருகிறார் என்று வாசல் பெருக்கி, வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டிருந்தார்கள். கோயில் மாதிரி மணம்! இவனோ விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினான். ஒரு கொசுகூட இல்லை. மரியாதைக்குப் போட்ட புகையில் எல்லாம் ஓடிவிட்டன. அவன் முகம் செத்துவிட்டது.

கடைசி வீட்டு வாசலில் அஞ்சலை என்ற பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை தரமாட்டாராம், இவரு டாக்டராம்! இவருக்கு எதுக்கு என் சாம்பிராணி?"

"போடாததுக்கு ரொம்ப நன்றிக்கா. உள்ளே வரலாமா?"

"வா. கடிச்சா என்னைக் கேக்காதே."

அவள் வீட்டுச் சுவரில் கொசுக்கள் அப்பிக் கிடந்தன. குழாய்களை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தவன், புகை போட்ட வீடுகளையும் அந்த வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பாயி, புகை போட்டா கொசு எங்கே போகுது? சாகுதா? வெளியே உக்காந்துட்டு புகை அடங்கினதும் திரும்பி வருதா? எங்க துரைகூட இதைக் கேட்டதில்லை."

"இதைக் கேக்கவா சீமைக்குப் போனே?" என்றாள் அஞ்சலை.

"ஆமாக்கா, இதுக்குத்தான்."

மறுநாள் அவன் துரையின் அறைக்குள் போனான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வேண்டாத தெய்வம் இல்லை. வெகு நேரம் கழித்து வந்தான்.

"பாதி வீட்டுக்குப் புகை, பாதிக்கு இல்லைன்னு வச்சுப் பாக்கறேன்னேன். குடைஞ்சு குடைஞ்சு கேட்டாரு அப்பாயி. கடைசியிலே, 'உன் வேலை, உன் பேர்லயே செய்'னுட்டாரு. இன்னும் ரெண்டு வருசம்!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கிள்ளான் பக்கம் முழங்கை மூடிய ரவிக்கை போடுங்கள், இரவில் வலை கட்டுங்கள். பிள்ளை என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். பட்டம் வாங்கிய கையோடு நாற்காலி கிடைக்கவில்லையே என்று அவர்களை அரிக்காதீர்கள், பழகட்டும்.

நான் திரும்பியது சாயங்கால வண்டியில். ஸ்டேஷனுக்கு வந்த தங்கைக்குக் கோபம். "சொந்தப் பாட்டியை வண்டி ஏத்திவிடக்கூட வரலையே, உன் டாக்டரு!"

கொசு சுவரில் வந்து உட்காரும் நேரம் அது. "அவனுக்கு வேலை இருக்குடி. அவனோட சொந்த வேலை" என்றேன், ரயில் பெட்டியில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.