சந்திரனுக்கு ஒரு ஒப்பரேற்றர்

படலையில் நின்று யார் குரல் கொடுத்தாலும் யோசப்பின் அக்கா தையல் இயந்திரத்திலிருந்து தலை நிமிர்த்துவதில்லை. "வாங்கோ சோமசேகரம், சேட்டு முடிஞ்சுது. தெறி தைக்கிறது மட்டும்தான் மிச்சம்" என்று குனிந்தபடியே சொல்வார். ஒருமுறை கேட்ட குரலை அவர் மறந்ததாகப் பண்டத்தரிப்பில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. தடிமன் பிடித்து அடைத்துப்போன குரலையும் கண்டுபிடித்துவிடுவார். "மல்லித்தண்ணி அவிச்சுக் குடியுங்கோ" என்று அதற்கொரு வைத்தியமும் கூடவே வரும்.

ஜோசபின் என்ற அவருடைய பெயரை ஊர் யோசப்பின் ஆக்கிவிட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்துத் தொலைபேசி நிலையத்தில் வெகுகாலம் ஒப்பரேற்றராக இருந்தவர். வெளியூர் அழைப்பென்றால் அவருடைய கை வேண்டும். பலகையில் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு அவர் வயரைச் செருகினால்தான் கொழும்பு கதைக்கும், லண்டன் கதைக்கும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு குடாநாட்டில் தொலைபேசி என்பது இல்லாமற் போயிற்று. கோட்டைக்குக் கிட்ட, குருநகரில் இருந்த அவருடைய வீடும் அதே கிழமையில் போயிற்று. தம்பி யாகப்புவின் குடும்பத்தோடு பண்டத்தரிப்புக்கு வந்து, கிடைத்த வீட்டில் ஒரு அறையை வைத்துக்கொண்டு ஊர்ப்பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தைக்கிறார்.

அவ்வளவு காலம் ஊரின் கதையெல்லாம் காதுக்குள்ளால் போனவர் என்பதால் பெண்கள் அவரை விடமாட்டார்கள். இன்னாரின் கலியாணம் ஏன் குழம்பியது, இன்னார் கொழும்புக்கு எடுத்து யாரோடு அழுதார் என்று துருவுவார்கள். யோசப்பின் அக்கா ஊசியில் நூலைக் கோத்தபடி, "லைன் எங்கேஜ் பிள்ளை" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. கோபமும் வராது.

பின்னேரங்களில் யாகப்பு சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் மிதியைச் சுற்றுவான். டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். ஒருநாள் வெளிநாட்டுத் தமிழ்ச் சேவையில், சந்திரனில் மனிதர் நிரந்தரமாகத் தங்கியிருக்க ஒரு தளம் அமைப்பது பற்றிச் சொன்னார்கள். பூமியின் பாதிக்கு ஒரே நேரத்தில் அங்கிருந்து செய்தி அனுப்பலாம் என்றார்கள். பூமிக்கு முகம் காட்டாத மறுபக்கத்தில் நம்முடைய இரைச்சல் ஒன்றும் எட்டாது, அங்கே காதை வைத்தால் வானத்தின் மிக மெல்லிய ஒலிகளையும் கேட்கலாம் என்றார்கள். படைத்துறைக்காரருக்கும் அந்த இடத்தில் கண் இருக்கிறதாம்.

"உங்கை ஒரு எக்ஸ்சேஞ்ச் போட்டால் ஆராலை அதை அறுக்கேலும்?" என்றார் யோசப்பின் அக்கா.

"அக்கை, எனக்குக் கை உளையுது. நிப்பாட்டட்டோ?" என்றான் யாகப்பு.

அக்கா சொன்னது எப்படியோ வாசிகசாலை வரை போய்விட்டது. ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. சந்திரனில் வரப்போகும் தளம் மனிதரை இணைக்கும் நிலையமா, மனிதரை மிரட்டும் கோட்டையா? நிலையத்தின் பக்கம் பேசக் கூட்டுறவுச் சங்க முகாமையாளர் சோமசேகரமும் யோசப்பின் அக்காவும். கோட்டையின் பக்கம் பேச, நில அளவைத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்ற அருளம்பலமும் ஒரு கணித ஆசிரியரும். நடுவர், கோயில் பங்குத்தந்தை அருட்பிரகாசம். யோசப்பின் அக்கா மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். தைத்தபடியே தன் பேச்சைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததாக யாகப்புவின் மனைவி சொல்கிறாள். இரண்டு காற்சட்டைகளுக்குப் பை வைக்க மறந்தாராம்.

எண்ணெய் விளக்குக்குச் செலவில்லாமல் முடிக்கவேண்டும் என்பதால் விழாவைப் பிற்பகலில் வைத்தார்கள். சோமசேகரம் நன்றாகத் தொடங்கினார். செய்மதியைச் சுட்டு விழுத்தலாம், கடலடிக் கம்பியை வெட்டலாம், சந்திரனை என்ன செய்வது என்று கேட்டார். எல்லா வழியும் அடைபட்ட நாளில் அதுதான் மனிதருக்குக் கடைசி வழியாக நிற்கும் என்றார். "ஒரு கேள்வி அங்கை போய் மறுமொழி வர ரண்டரை செக்கன் பிடிக்குமாம். எங்கடை தபால் கப்பலோடை பாக்கேக்கை உது என்ன சுணக்கம்?" என்றதும் சபை சிரித்துக் கை தட்டியது. மூன்று மாதத்துக்கு முந்திய கடிதம் அன்றுதான் கைக்குக் கிடைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

கணித ஆசிரியர் சுருக்கமாக முடித்துக்கொள்ள, அருளம்பலம் எழுந்தார். "நான் ஊர் ஊரா நிலம் அளந்தவன். போனவுடனை நாங்கள் தேடுறது உயரமான இடத்தை. அங்கை நிண்டால்தான் எல்லாம் தெரியும். துவக்கு வைச்சிருக்கிற படைக்காரனும் அதைத்தான் தேடுவான். சந்திரனிலை இருக்கிறவனுக்கு முன்னாலை பூமி தானாச் சுத்தி ஒவ்வொரு பக்கமாக் காட்டும். கீழையிருந்து எதையாவது விட்டால் அது போய்ச் சேர நாட்கணக்காகும். அவன் ஆறுதலாப் பாத்துக்கொண்டிருப்பான். பூமியிலை ஆருக்கு அவனிட்டையிருந்து ஒளிக்க இடமிருக்கும்?"

அந்த இடத்தில் விமானச் சத்தம் கேட்டது. ஒருவரும் கூச்சலிடவில்லை. கதிரைகளை ஒதுக்கிக்கொண்டு எல்லோரும் வளவுக்குள் வெட்டியிருந்த பதுங்குகுழிகளுக்குள் இறங்கினார்கள். யோசப்பின் அக்கா மண் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விமானம் இரண்டு தரம் சுற்றியது. பிறகு சத்தம் கடற்பக்கமாகப் போய்த் தேய்ந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு சபை திரும்ப வந்து அமர்ந்தபோது அருளம்பலம், "நான் சொல்ல இருந்த மிச்சத்தை மேலையிருந்து சொல்லிப்போட்டினம்" என்றுவிட்டு உட்கார்ந்தார்.

இனி யோசப்பின் அக்காதான் காப்பாற்றவேண்டும். சோமசேகரம் அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா எழுந்தார். தொலைபேசியில் கதைப்பதுபோலத் தணிந்த, ஒரே சீரான குரல். பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னுக்குச் சாய்ந்தார்கள்.

"ஒரு சண்டைக் காலம். நான் பலகையிலை இருக்கிறன். துவக்கோடை ஆக்கள் உள்ளை வந்தினம். ஆரெண்டு கேளாதேங்கோ, எல்லாரும் வந்தவைதான். ஆர் பட்டினத்தைப் பிடிச்சாலும் முதல் எங்களிட்டைத்தான் வருவினம். 'எல்லா வயரையும் இழு' எண்டினம். இழுத்தன். ஒரு லைன் மட்டும் விட்டு வைச்சிருந்தன். ஒரு தாய் ஜேர்மனியிலை இருக்கிற மோனோடை கதைச்சுக்கொண்டு நிண்டவ. 'டொக்டர் என்ன சொன்னவர்?' எண்டு கேட்டவ. அந்தப் பெடியன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. வந்தவையிலை ஒருத்தன் துவக்காலை மேசையிலை தட்டினான். நான் அதையும் இழுத்துப்போட்டன்."

சபையில் ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"டொக்டர் என்ன சொன்னவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அந்தத் தாய்க்கு எப்பத் தெரிஞ்சுதோ அதுவும் தெரியாது. சந்திரனிலை நிலையம் வந்தால் நாங்கள் கதைக்கலாம். அது உண்மை. நான் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டனான். ஆனால் அங்கையும் பலகைக்கு முன்னாலை ஒரு மனிசன் இருப்பான், அவனுக்குப் பின்னாலை ஒருத்தன் வந்து நிண்டு 'இழு' எண்டுவான். ஐயா சொன்ன கோட்டையும் நான் சொல்ல வந்த நிலையமும் ஒரே கட்டிடம்தான். நிலையம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வேணும். ஆனால் அந்தக் கதிரையிலை ஆர் இருக்கிறது, அவனுக்கு ஆர் காவல் எண்டதையும் சேத்துக் கேக்கவேணும். எனக்கு ஒருத்தரும் காவல் நிக்கேல்லை."

சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார். அவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூட முடியவில்லை. கை தட்டுவதா இல்லையா என்று சபைக்குத் தெரியவில்லை. அருட்பிரகாசம் அடிகளார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் பாராட்டிவிட்டு, கோட்டை என்றே தீர்ப்புச் சொன்னார். வேறு வழியும் இருக்கவில்லை.

"அக்கா, நீங்கள் எங்கடை பக்கமோ, அவையின்ரை பக்கமோ?" என்றார் சோமசேகரம். அவர் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

"நான் நடுவிலை இருந்து பழகினனான், தம்பி."

வென்ற அருளம்பலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "பிள்ளை, உதை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். யோசப்பின் அக்கா இல்லை என்று தலையாட்டினார். அருளம்பலம், அக்கா போவதற்கு வழி விட்டுத் தள்ளி நின்றார்.

வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். பெயர் நல்லம்மா. வெங்காயத் தோட்டக்காரி. விழாவுக்கென்று கட்டிய சேலையில் பதுங்குகுழி மண் ஒட்டியிருந்தது. பட்டிமன்றத்தில் யார் வென்றது என்பது அவருக்கு விளங்கினதாகத் தெரியவில்லை.

"தங்கச்சி, அப்பிடி ஒண்டு அங்கை கட்டினால், கனடாவிலை இருக்கிற என்ரை பெடியனோடை கதைக்கேலுமோ?"

யோசப்பின் அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தி, காதைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்து, "நம்பரைச் சொல்லுங்கோ" என்றார்.

நல்லம்மாவுக்கு அது மனப்பாடம். தேவாரம் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னார். யோசப்பின் அக்கா அதை வாங்கி, ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, அவருக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.