அவர் ஊற்ற மறுத்த பால்

எழுபதுகளில் நாங்கள் செய்த வேலைக்குப் பேர் ஒன்றும் கிடையாது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்ன நோயாளிகளிடம் போய்த் துணையாக இருப்போம், அவ்வளவுதான். பொன்னேரியில் நாலைந்து பெண்கள் சேர்ந்திருந்தோம். புண்ணைத் துடைத்துக் கட்ட ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். "பொழப்பத்த பொழப்பு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தொண்டையில் புற்று. பேச்சு நின்றுபோயிருந்தது. புருஷன் மீன்பிடிக்கப் போவதையே விட்டுவிட்டு, கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டு கூடவே கிடந்தார்.

ஒரு ஞாயிறு காலை நான் போனபோது கஞ்சியும் இறங்கவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. குப்பத்துக்குத் தெரிந்தால் போதாதா? ஆளுக்கொரு டம்ளர் பாலோடு வந்துவிட்டார்கள். சாகக் கிடப்பவர் வாயில் உறவுசனம் ஒரு சொட்டுப் பால் ஊற்றி வழியனுப்புவது வழக்கம். நினைவோடு இருந்தவளின் எதிரிலேயே ஒப்பாரியும் வைத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

எல்லாரும் ஊற்றினார்கள். புருஷன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"கட்டுனவன் ஊத்தாம உசுரு எப்டிப் போவும்? இஸ்துக்கினு கெடக்குது பாரு," என்றாள் அவருடைய அக்கா.

"நான் ஊத்தமாட்டேன். ஊத்துனா பூடுவா."

ஊற்றிய பாலெல்லாம் கடைவாயில் வழிய, அவள் கண் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் அனுப்பி வைக்க வேணாம். அவங்களுக்கு நாக்கு வறண்டு கெடக்குது. தெனமும் குடுக்குற மாதிரி குடுங்க."

அவர் எழுந்துபோய், குழந்தைக்குப் புகட்டும் பாலாடையைக் கழுவிப் பால் நிரப்பி எடுத்துவந்தார். அவள் தலையை மடியில் தாங்கி, "கொஞ்சமா குடி," என்று ஊற்றினார். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"எறங்கிச்சும்மா. பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். அவர் திரும்பிய அந்த நேரத்துக்குள் அவள் மூச்சு நின்றுவிட்டது.

நான் பார்த்துவிட்டேன், அவர் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

"இன்னும் கொஞ்சம்," என்று அவளிடம் சொல்லிக்கொண்டே அவர் பாலாடையை நிரப்பினார்.