கொக்கின் இடது சிறகு

துளசிக்கு வயது நாற்பத்திரண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் வழியாகக் கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் தேடும் வேலை. வாரக்கடைசியில் அதே கையும் கண்ணும் நாடகக் குழுவுக்கு. லெபோ பசார் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை நடக்கும். கிரீடம், வாள், மரக்கிளை, எதுவானாலும் பதினொரு வருஷமாக அவள்தான் செய்தாள். பழைய பேப்பரும் கஞ்சிப் பசையும் இருந்தால் போதும்.

ரொஸ்னா குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது நாடகத்துக்கு ஒரு கொக்கு வேண்டுமென்று இயக்குநர் தயாளன் சொன்ன மறுவாரமே, பிரவுன் காகிதச் சுருளை மடித்துக் கொக்காக்கிக் கொண்டுவந்துவிட்டாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. நூலை இழுத்தால் இரண்டு சிறகும் விசிறிபோல் விரிந்தன. எல்லாரும் கை தட்டினார்கள்.

"துளசி, நூலை நீ இழு லா. உனக்குத்தான் நிதானம்," என்றார் தயாளன்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு நூல் இழுக்கும் வேலை! "ரொம்ப அழகா இருக்கு," என்று ரொஸ்னாவிடம் சொன்னாள். வயிறு எரிந்தது.

அரங்கேற்றத்தன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மடிப்பின் சூட்சுமத்தைப் பார்த்துவிடலாமென்று துளசி இடது சிறகைப் பிரித்தாள். பிரிந்தது, மறுபடி மடியவில்லை. ஓரிடத்தில் கிழிந்தும்போனது. பதறிப்போய் பேப்பர் கீற்றில் பசை தடவி உள்பக்கம் ஒட்டி, எப்படியோ மடித்து வைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மாலை, மேடையில் நூலை இழுத்தாள். வலது சிறகு விரிந்தது. பசை காய்ந்து விறைத்த இடது சிறகு பாதியில் நின்று நடுங்கியது. அடிபட்ட பறவை என்றே சனம் நினைத்தது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் எல்லாரும் ரொஸ்னாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த நடுக்கத்தை எப்படிம்மா செஞ்ச?"

கெடுத்தது நான், பேர் அவளுக்கா? துளசிக்கு அழுகை முட்டியது.

ரொஸ்னா திரைக்குப் பின்னால் வந்து சிறகைத் தடவிப் பார்த்தாள். "அக்கா, இது நீங்க ஒட்டுனதா?"

இல்லை என்று சொல்லத்தான் துளசி வாயெடுத்தாள். "ஆமா. நீ எப்படி மடிச்சேன்னு பாக்கப் பிரிச்சேன், கிழிஞ்சிருச்சு. பொறாமைதான், ரொஸ்னா."

"கேட்டிருந்தா காட்டியிருப்பேனே." ரொஸ்னாவின் முகம் சுண்டிப்போனது. ஒட்டிய இடத்தை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "அடுத்த வாரம் சிம்பாங் அம்பாட்ல ஷோ. இந்த நடுக்கம் எனக்கு வராது. நீங்களே ஒட்டிக் குடுங்க," என்றாள். வெளியே போய், "தயாளன் அண்ணே, அந்தச் சிறகு துளசி அக்கா வேலை," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கை தட்டினார்கள். துளசிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இவளுக்கு மட்டும் இப்படிப் பேரை விட்டுக்கொடுப்பதுகூட எவ்வளவு லேசாக வருகிறது என்று நினைத்தபோது, மறுபடியும் எரிந்தது.