படகை உறையவிடாத ஜசிந்தா அக்கா

காலை ஷிப்ட் தொடங்கி, முதியவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் ஜசிந்தா அக்காவின் பெயர் தெரிந்தது. அன்று அவருக்கும் எனக்கும் ஒரே ஷிப்ட். பஸ் பிந்திவிட்டது என்று சொல்லத்தான் எடுக்கிறார் என நினைத்தேன். பேசியவர் அவருடைய கணவர் செபஸ்தி அண்ணை.

“பிள்ளை, ஜசி எழும்புறா இல்லை. வெளியிலை படகு எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலை விழுந்து கிடக்கிறா. கூப்பிடுறன், பேசுறா இல்லை. நான் இந்த ஒக்சிஜன் குழாயோடை படி ஏறேலாமல் நிக்கிறன்.”

“அம்புலன்சுக்கு அடிச்சனீங்களோ, அண்ணை?”

“அடிச்சிட்டன். நீ வா, பிள்ளை. கெதியா வா.”

நான் போய்ச் சேரும் முன்னரே எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மனைவி கிடந்த இடத்துக்கும் கணவர் நின்ற இடத்துக்கும் இடையில் மூன்று படிகள்தான்.

ஜசிந்தா அக்கா மன்னாரில் பிறந்தவர். கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் என்னோடு வேலை செய்தவர். நான் புதிதாகச் சேர்ந்த மாதத்தில், என் பொறுப்பில் இருந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். வெறும் கட்டிலைப் பார்த்தபடி அழுதுகொண்டு நின்றேன். அக்கா புதுவிரிப்போடு உள்ளே வந்தார். “அழு. ஆனால் அந்தத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு அழு. விரிப்பு தானாய் விரியாது” என்றார். கட்டிலை விரித்து முடித்த பிறகுதான் அவரும் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனோர் பார்க்கில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றபோது, செபஸ்தி அண்ணையின் நுரையீரல் ஏற்கனவே பழுதாகியிருந்தது. அரசு வீடு கேட்டபோது, உள்ளூர் கவுன்சில் காத்திருக்கச் சொன்னது. காத்திருக்க ஓர் இடம் வேண்டுமே. ஆற்றோரப் படகுத்துறையில் கட்டியிருந்த பழைய இரும்புப் படகொன்றை வாங்கி, அதிலேயே குடியேறினார்கள். அக்கா அதை யாருக்கும் மறைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்று, “நாங்கள் இப்ப தண்ணியிலை. வாறதெண்டால் வாங்கோ, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, தரை குளிர்” என்று எல்லோருக்கும் சொன்னார்.

ஆனால், லண்டனின் குளிர்காலத்தில் தண்ணீர்மேல் வாழ்வது எப்படியென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்துப் படகில் இருந்த மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணிதான் சொல்லிக்கொடுத்தார். குழாய்களுக்குக் கம்பளி சுற்ற வேண்டும். எஞ்சின் அறைக்குள் சின்ன ஹீற்றர் ஒன்று எரிய வேண்டும். எல்லாவற்றையும்விட, எஞ்சினைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் குழாயை மூடி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். அது உறைந்து வெடித்தால், பனி உருகும்போது ஆறே படகுக்குள் வந்துவிடும்.

அண்ணையின் ஒக்சிஜன் மெசினுக்குக் கரண்ட் வேண்டும். உறைபனி விழுந்தால் கரையிலிருந்து வரும் கரண்ட் அடிக்கடி நின்றுவிடும். அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பற்றரியை நிரப்ப வேண்டும். எஞ்சின் ஓட அந்தக் குழாய் திறந்திருக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் திறப்பார், ஓட்டுவார், மூடுவார், வடிப்பார். வேலைக்கு வரும்போது விரல் முனைகள் வெடித்திருக்கும். ஒருநாள் என்னிடம், “ஒண்டில் படகு வெடிக்கும், ஒண்டில் இவருக்கு மூச்சு நிக்கும். நான் எதைப் பாக்கிறது, சொல்லு” என்று கேட்டார்.

போன குளிர்காலத்தில் அது நடந்தது. கரண்ட் நின்ற ஒரு காலையில் எஞ்சினும் இடையில் நின்றுபோனது. அண்ணைக்கு மூச்சு முட்டியது. அம்புலன்சில் கூடவே ஏறிப் போன அக்கா, குழாயை மூடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த நினைவே அவருக்கு வரவில்லை. அண்ணையை வீட்டுக்கு விடுவதென்றால் வீடு சூடாக இருக்க வேண்டும் என்று தாதி சொன்னபோது, “ஓம், நல்ல சூடு” என்று தலையாட்டினார்.

வெயில் எறித்த ஒரு மத்தியானம், வேலை நேரத்தில் மார்கரெட் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். படகின் பின்பக்கம் தாழ்கிறது என்றார். அக்காவும் நானும் சீருடையோடே ஓடினோம். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. அக்கா குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, வெடித்த குழாயை மூடும் வால்வைத் தேடினார். அவருடைய மேற்சட்டையை நான் இழுத்துப் பிடித்திருந்தேன்.

“கை விறைச்சுப் போச்சு. எது இரும்பு, எது என்ரை விரல் எண்டு தெரியேல்லை.”

“விடுங்கோ அக்கா! படகு போனால் போகட்டும்.”

“போனால் அந்த மனிசனை எங்கை கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறது? உன்ரை அறையிலையோ?”

நானே ஓர் அறையை இன்னும் இருவரோடு பகிர்ந்திருந்தேன். அக்கா யேசுவே, யேசுவே என்று முனகியபடி இன்னும் ஆழமாகக் கையை விட்டார். முகமும் தண்ணீருக்குள் போனது. ஒருவழியாக வால்வு திரும்பியது. பிறகு மார்கரெட்டும் சேர, மூவரும் வாளியால் இறைத்தோம். அக்காவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. போய் உடுப்பு மாற்றுங்கள் என்றோம். மாற்ற உலர்ந்த உடுப்பு படகில் இல்லை.

படகு மிதந்தது. இரவல் ஹீற்றர்களால் அதைக் காயவைத்து அண்ணையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு அக்கா பழைய அக்காவாக இருக்கவில்லை. படியேறினால் இளைத்தார். “தோள்மூட்டு நோகுது, வேறை ஒண்டுமில்லை” என்பார். டொக்டரிடம் போகச் சொன்னால், “அவரைத் தனிய விட்டிட்டோ?” என்று கேட்பார். இந்தக் குளிரின் முதல் உறைபனியன்று, வேலைக்குப் புறப்படுமுன் எஞ்சின் அறை ஹீற்றர் எரிகிறதா என்று பார்க்கப் போனவர்தான்.

அடக்கத்தன்று கோவிலின் கடைசி வரிசையில் சேற்றுச் சப்பாத்துகளோடு படகுக்காரர்கள் நின்றார்கள். செபஸ்தி அண்ணையைத் தற்காலிகமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். படகை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டார். நேற்றுச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். படகுக்குப் போகும் மிதவைப் பலகையெல்லாம் பனிக்கட்டி, கரையிலேயே நிற்கவேண்டியிருந்தது.

படகின் புகைக்கூண்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அண்ணை நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்து எழும்பப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை உள்ளுக்கை?”

படகு உறைந்துவிடக் கூடாதென்று மார்கரெட் அடுப்பு மூட்டியிருந்தார். அதைச் சொன்னேன். அண்ணை தலையசைத்தார். ஆனாலும் கதவைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. குளிர் கூடியது, போவோம் என்றேன். கொஞ்சம் பொறு என்றார்.

ஜசிந்தா அக்கா, போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் குளிருக்குள் நீங்கள் இனி வர வேண்டாம்.