சாமிக்கென்று கொண்டுபோன செவ்வரத்தை

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் இப்போது ஒரு பூச்சாடியும் இல்லை. வருகிறவர்கள், "இவ்வளவு வெயில் விழுது, ரெண்டு பூக்கண்டு வைக்கலாமே," என்பார்கள். கடல் காற்றுக்கு ஒன்றும் நிற்காது என்று சொல்லிச் சமாளிப்பேன். பச்சைப் பொய். செவ்வரத்தை எந்தக் காற்றுக்கும் நிற்கும்.

நான்கு வருடங்களுக்கு முன்னர் மலைப் பக்கம் ஒரு சின்ன மழைக்காட்டில் வேலை பார்த்தேன். வெளியிலிருந்து வந்த ஒரு மஞ்சள் எறும்பு கீழேயுள்ள ஊர்வரைக்கும் ஏறியிருந்தது. காட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. அதை நுழையவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. நீளக் கால்களை வைத்துக்கொண்டு பைத்தியம் பிடித்த மாதிரித் திசை தெரியாமல் ஓடும். விசரெறும்பு என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அது கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். கொழும்பில் குப்பையிலும் பூச்சாடியிலும் அது பாட்டுக்கு இருக்கிறது, ஒருவரும் கவனிப்பதில்லை. காட்டில் புகுந்தால் நத்தை, வண்டு, ஓணான் என்று நிலத்தில் ஊர்கிற ஒன்றையும் விட்டுவைக்காது.

ஆகையால் உள்ளே வெளிமண் வரக்கூடாது. சப்பாத்தைக் கழுவ வேண்டும், பையை உதற வேண்டும், லொறியின் டயரையும் தட்டையும் கழுவ வேண்டும். காட்டில் ஒரு பூவையும் பறிக்கக் கூடாது. இதையெல்லாம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பலகையில் எழுதி கேட்டில் மாட்டியவள் நான். கழுவாமல் வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பியவளும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கொழும்பிலிருந்து கிழமைக்கொரு தரம் சாமான் கொண்டுவந்தவர் கிராண்ட்பாஸ்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தச் சின்ன லொறி வைத்திருந்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்து டயரின் ஒவ்வொரு பள்ளத்தையும் கழுவுவார். "மிஸ்ட போர்டுக்குப் பயந்துதான் இப்பிடிக் கழுவுறேன்," என்று பகிடி விடுவார்.

முகாமில் என் அறையில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது. காலையில் விளக்கேற்றிப் பூ வைத்துப் பழகியவள் நான். மாதக்கணக்கில் வெறும் படத்தைக் கும்பிட மனம் கேட்கவில்லை. ஒரு லீவில் வந்தபோது, பல்கனியில் நின்ற சிவப்புச் செவ்வரத்தையைச் சாடியோடு நானாவின் லொறியில் ஏற்றினேன். ஒரு தடியை முறித்துக்கொண்டு போயிருந்தால் போதும். செவ்வரத்தை தடி ஊன்றினாலே வரும். ஆனால் அது மொட்டு விட்டிருந்தது, எனக்கு அடுத்த நாளே பூ வேண்டும். சாமிக்கென்று வளர்த்த கன்றில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது? ஊருக்குத்தான் உபதேசம்.

கேட்டில் லொறித் தட்டைக் கழுவும்போது நானா சாடியைத் தூக்கப் போனார். "அதத் தொடாதேங்கோ நானா, சாமிக்கு," என்றேன். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். சாடியைச் சுற்றிக் கழுவினார். முகாமின் பின்பக்கம், என் ஜன்னலுக்கு வெளியே அதை வைத்தேன். குழுவில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டம் எழுதியவளிடம் யார் கேட்பது?

இரண்டு மாதம் கழித்து, முகாமின் பின்பக்கத்தில், லொறி சாமான் இறக்கும் இடத்துக்கு அருகே விசரெறும்பைக் கண்டோம். அதற்குள் மரங்களில் ஏறிவிட்டது. வெறும் நத்தை ஓடுகள் சிதறிக் கிடந்தன. ஒரு கல்லின் மேல் சின்ன ஓணான் ஒன்று இருந்தது. கிட்டப் போயும் ஓடவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் சோற்றுப் பருக்கை மாதிரி வெளுத்திருந்தன. என் காலடிச் சத்தம் கேட்டு அது முகத்தை என் பக்கம் திருப்பியது. அந்த முகம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அன்று பின்னேரம் சாடியைச் சரித்துப் பார்த்தேன். அடி ஓட்டையால் மஞ்சள் எறும்பு கொட்டியது, முட்டைகளைக் கவ்விக்கொண்டு. கொதிதண்ணீர் ஊற்றினேன். சாடியை உடைத்துப் புதைத்தேன். அறைக்குள் வந்து பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த நாள் கூட்டம். லொறியால்தான் வந்தது என்று முடிவுகட்டினார்கள். ஒவ்வொரு தரமும் கழுவினேன் என்று நானா சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். உதவி கேட்கிறார் என்று நினைத்து, கொப்பியில் எதையோ எழுதுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள்.

சீனிப்பாகில் மீன்மாவும் மெல்லக் கொல்லும் நஞ்சும் குழைத்து வைத்தோம். எறும்பு அதைத் தானே சுமந்து ராணிவரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஒன்றரை வருடத்தில் அடங்கியது. கேக் வெட்டினார்கள். ஆனால் அந்தத் துண்டு நிலத்தில், பொழுதுபடக் கத்துகிற பூச்சிகளின் சத்தம் திரும்பி வரவில்லை. இங்கே கடற்கரை ரயில் போய் முடிந்ததும் ஒரு அமைதி வரும். அதைக் கேட்டால் எழுந்துபோய் ரேடியோவைப் போடுவேன்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலுக்குப் போனேன். வாங்கிய அர்ச்சனைத் தட்டில் ஒரு சிவப்புச் செவ்வரத்தை. உள்ளே போகக் கால் வரவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓட்டோ பிடித்து கிராண்ட்பாஸ் போனேன். நானாவின் வீடு தெரியும். முன்பு ஒரு தரம் நோன்புக் கஞ்சிக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

நானா வீட்டில்தான் இருந்தார். லொறியை விற்றுவிட்டாராம். ஒருகொடவத்தை கொன்டெய்னர் யார்டில் அடுத்தவருடைய வண்டி ஓட்டுகிறாராம். பிளேன்டீ வந்தது. குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாடி, எறும்பு, கொதிதண்ணீர், புதைத்த இடம்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும் மிஸ். வழியில டீக்கு நிப்பாட்டினப்ப அந்தச் சாடில எறும்பு ஓடுறதக் கண்டேன். கேட்டுல அதக் கழுவத்தானே தூக்கப் போனேன்."

"அப்ப ஏன் நானா கூட்டத்தில சொல்லேல்ல?"

"சாமிச் சாடியால வந்த பூச்சி எண்டு நான் சொன்னா, அது பூச்சிக் கதையாவா இருக்கும்? வேற கதையாகிடும் மிஸ். அதான் ஒங்களப் பாத்துட்டு இருந்தேன். நீங்க சொல்லுவீங்க எண்டு."

வெட்கத்தில் எனக்கு அழக்கூட வரவில்லை. "நான் எழுதிறன் நானா. எல்லாருக்கும் அனுப்புறன்," என்றேன். பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆறிப்போன டீயை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க. ஒங்கட போர்ட் மாதிரி மூணு பாஷையிலயும் எழுதுங்க. கேட்டுல காவலுக்கு நிக்கிற மனுசனுக்குச் சிங்களம் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். கடைசி நாள் நான் கை நீட்டினப்ப, அவரு கை தரல்ல."

வீட்டுக்கு வந்து, முதலில் சிங்களத்தில் எழுத உட்கார்ந்தேன்.