அரக்குச் சூடு

காசிநாதன் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வலிப்பதுபோல நடித்தார். வேலூர்ப் பக்கத்துத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் அவர் தபால் குமாஸ்தா. வெளியே போகிற உறைகளில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பது அவர் வேலை. அரக்கு விரலில் சொட்டினால் எந்த மனிதனும் ‘ஸ்ஸ்’ என்று கையை உதறுவான். அவருக்கோ விரல்களில் சூடு தெரியாது. அதனால் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, சொட்டு விழுந்ததும் ‘ஸ்ஸ்’ என்பார். எட்டு வருஷமாக இப்படி. நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் மெடல் குத்தியிருப்பார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், தோல்களை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனவர் அவர். சுதந்திரம் வந்த நாற்பத்தேழாம் வருஷம் முதுகில் ஒரு தேமல் வந்தது. பிறகு விரல்கள் மரத்து மடங்கின. பெயரைச் சொல்லவே ஊர் கூசுகிற அந்த நோய்தான். வருஷக்கணக்கில் மாத்திரை தின்று நோய் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து விரல்களைப் பேனா பிடிக்கிற அளவுக்கு நிமிர்த்திக் கொடுத்தார்கள். சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறினார். இவரால் யாருக்கும் தொற்றாது, எழுத்து வேலைக்குத் தடையில்லை என்று டாக்டரும் உள்ளதை எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் எங்கோ மேலாபீஸ் காகிதக் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. பொய் சொன்னது காசிநாதன்தான். சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் அருணகிரி கையைப் பார்த்து என்னவென்று கேட்டபோது, சுண்ணாம்புக் குழியில் வெந்த கை என்று சொல்லிவிட்டார்.

சுண்ணாம்பு தோலைத் தின்னும், விரலை மடக்காது. தோல் ஷாப்பில் ஒரு வாரம் வேலை பார்த்தவனுக்கும் இது தெரியும். ஆனால் பஸ் அந்தப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற குமாஸ்தாக்களுக்கு எப்படித் தெரியும்? நம்பிவிட்டார்கள். நம்பியதுதான் அவருக்கு வினையாயிற்று. டீ கிளாஸைப் பிடித்தால் பயம், யாராவது கைகுலுக்க வந்தால் பயம். தினமும் சாயங்காலம் மனைவி தனபாக்கியம் அவரை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்துப் புண்ணுக்கு மருந்து போடுவாள். வேலை போனால் வீட்டுக்காரன் வீட்டை விட்டுத் துரத்துவான், பள்ளிக்கூடத்தில் மகளைத் தனியே உட்காரவைப்பார்கள். இரண்டு பேருக்குமே இது தெரியும், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அறுபத்தொன்றில் ஒரு காலையில் பூவம்மாள் என்ற பெண் நகல் எழுத்தர் வேலைக்கு உத்தரவோடு வந்தாள். அணைக்கட்டு ஊர்க்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். காகிதத்தை நீட்டிய கையைப் பார்த்ததும் அருணகிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். காசிநாதனும் தன் மேஜையிலிருந்து பார்த்தார். அது அவருடைய கை. அதே விரல்கள், அதே ஆபரேஷன் தழும்பு.

இந்தக் கைக்கு இங்கே வேலை இல்லை, பஸ் வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார் என்றார் அருணகிரி. பணிக்குத் தகுதியற்றவர், திருப்பி அனுப்பப்படுகிறார் என்று கலெக்டர் ஆபீஸுக்குக் கடிதம் தயாராகி, தாசில்தாரின் கையெழுத்தும் ஆகி, முத்திரைக்காகக் காசிநாதன் மேஜைக்கு வந்தது. ஜன்னலுக்கு அந்தப் புறம் அவள். இந்தப் புறம் அவர் கடிதத்தைப் படித்து, உறையில் இட்டு, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். மனம் உள்ளே இருந்த கடிதத்திலேயே நின்றது. விரலில் சொட்டு விழுந்ததை அவர் பார்க்கவில்லை.

“சார், விரல்ல அரக்கு” என்றாள் பூவம்மாள்.

‘ஸ்ஸ்’ என்று உதறினார். ரொம்ப நேரம் கழித்து. அவள் அந்த விரலையே பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து மெல்லக் கேட்டாள்:

“உங்களுக்கு எந்த வருஷம் சார் ஆபரேஷன்?”

சுண்ணாம்பு என்று சொல்ல வாயெடுத்தார். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கண்ணில் பட்டன. இவள் உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவளுக்கு நியாயம் கிடைத்தாலும் கிடைக்கும், தன் பிழைப்பு போய்விடும் என்று நினைத்தார்.

“பயப்படாதீங்க சார். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மிரட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார். இதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, கொஞ்சம் இரும்மா என்றார். உறையை எடுத்துக்கொண்டு தாசில்தார் மக்பூல் அகமதுவின் அறைக்குப் போனார். வைத்த முத்திரையைத் தாசில்தார் கண் முன்னாலேயே உடைத்தார். அதுவே பெரிய குற்றம்.

“இன்னாய்யா பண்றே?”

“சார், இந்தக் கை சுண்ணாம்புல வெந்தது இல்ல. அந்தப் பொண்ணுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. எட்டு வருஷமா இந்த ஆபீஸ் தபால் பூரா இந்தக் கைதான் எழுதுது. அந்தப் பொண்ணுக்குத் தகுதி இல்லன்னா என் பேரையும் இதுலயே சேர்த்து எழுதிடுங்க.”

மேஜைமேல் இருந்த தாசில்தாரின் கை தானாகவே பின்னால் நகர்ந்தது. காசிநாதன் அதைப் பார்த்தார். ஆனாலும் தாசில்தார் நல்ல மனிதர். எட்டு வருஷ ரிஜிஸ்தர்களை வரவழைத்துப் புரட்டினார், குற்றம் சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு, இரண்டு பேரைப் பற்றியும் மேலிடத்துக்குப் புதிதாக எழுதினார்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. தபாலைக் காசிநாதன் மேஜையில் தூர நின்று எறிந்தார்கள். மற்றவர்கள் தவறி எடுத்துவிடாதபடி, அவருக்கென்று நூல் கட்டிய டீ கிளாஸ் ஒன்று வந்தது. வீட்டில் தனபாக்கியம் பாத்திரங்களை மூட்டை கட்டியே வைத்திருந்தாள். வருகிற உறைகளைப் பிரிப்பதும் அவர் வேலைதான், ஒவ்வொன்றிலும் முதலில் தன் பெயரைத் தேடினார். ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. இருவரும் பணியில் இருக்கத் தடையில்லை. மூன்று முறை படித்த பிறகுதான் ரிஜிஸ்தரில் பதிந்தார்.

பூவம்மாள் அடுத்த மேஜைக்கு வந்தாள். நூல் கட்டிய கிளாஸ் இரண்டாயிற்று. அவள் வந்த முதல் நாள் முத்திரை வைக்கும்போது அவர் விரலில் அரக்கு சொட்டியது. ஆபீஸே பார்த்தது. பழக்கதோஷத்தில் அவர் வாய் குவிந்தது, பிறகு மூடிக்கொண்டது. அரக்கை நிதானமாக உரித்துப் போட்டுவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.