மாரிசெல்வி வராத கல்யாணம்

என் கொழுந்தன் மகள் மாரிசெல்வி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். கணக்குப் பாடம், முதலாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். பள்ளிக்கூடத்தில் படு கெட்டிக்காரி. அப்படிப்பட்டவள் கல்லூரியில் முதல் இரண்டு தேர்விலும் கோட்டை விட்டாள். இங்கிலீஷ் புரியவில்லை என்றார் ஒருவர், செல்போனைப் பிடுங்கு என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

உண்மையான காரணம் நாங்கள்தான். அவள் அப்பா பாண்டிதுரை போலீஸ்காரர். ஊரில் விசேஷம் என்றால் அவருக்குப் பந்தோபஸ்து. அம்மா ஈஸ்வரிக்கு மில்லில் ஷிப்ட். அதனால் காதுகுத்து, சடங்கு, கருமாதி எதுவானாலும் அந்த வீட்டு ஆளாக மாரிசெல்விதான் வந்து நிற்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாள் லீவு போட்டால் என்ன என்பது எங்கள் நியாயம். பள்ளியில் லீவு லெட்டரோடு முடிந்த காரியம், கல்லூரியில் அட்டெண்டன்ஸில் போய் இடித்தது. இன்னும் ஒரு நாள் வராவிட்டாலும் செமஸ்டர் எழுத முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் மகன் சேதுபதிக்கு மடவார் வளாகம் கோயிலில் கல்யாணம். புதன்கிழமை முகூர்த்தம். அவனுக்கு உடன்பிறந்த தங்கை கிடையாது. தாலியில் மூன்றாவது முடிச்சு போட வேண்டியவள் மாரிசெல்விதான்.

"பெரியம்மா, நான் வரல. வந்தா பரீட்சை எழுத விடமாட்டாவ," என்றாள், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும். சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

"ஏட்டி, அண்ணன் கல்யாணத்தை விட ஒனக்குப் படிப்பு பெருசாப் போச்சா?" என்று எகிறினாள் என் அக்கா இருளம்மாள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. மாப்பிள்ளைக்காரன் மட்டும், "நீ காலேஜுக்குப் போ தாயி. மூணு முடிச்சையும் நானே போட்டுக்கிடுதேன்," என்றான்.

சொன்னபடியே போட்டான். "நாத்தனார் எங்க?" என்று பெண் வீட்டார் தேடினார்கள்.

"காலேஜுல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா!" என்று மணவறைப் பக்கத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்புட்டு நாள் அவளை விசேஷத்துக்கு விசேஷம் கூப்பிட்டு இழுத்த வாயும் இதுதான், அதை விடுங்கள்.

செமஸ்டர் எழுதினாள். ஒரு பாடம் விடாமல் தேறினாள்.

போன மாதம் மருமகளுக்கு வளைகாப்பு வைக்க நாள் பார்க்கப் போனோம். ஜோசியர் வியாழக்கிழமையைக் குறித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இருளம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையாப் பாருங்க சாமி. எங்க வீட்ல காலேஜுப் பிள்ளை இருக்கு."